வாசலில் நிற்கும் கிறிஸ்துமஸ் மரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. வாசலில் பதினோரு வருஷமாக ஒரு கிறிஸ்துமஸ் மரம் நிற்கிறது. தொட்டியில் முழங்கால் உயரத்தில் வந்தது, இப்போது மாடியைத் தாண்டிவிட்டது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்பார்கள். அப்படிக் கேட்ட கேள்விகளையும், பதில் தேடிப் படித்தபோது எனக்கே எழுந்த கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்த மரத்தின் சரியான பெயர் என்ன?

நர்சரியில் "கிறிஸ்துமஸ் மரம்" என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் "அரக்கேரியா" என்பார்கள். தாவரவியல் பெயர் அரக்கேரியா ஹெட்டெரோஃபில்லா. ஆங்கிலத்தில் நார்ஃபோக் ஐலண்ட் பைன் என்பார்கள். பழைய புத்தகங்களில் அரக்கேரியா எக்செல்சா என்று இருக்கும். அதுவும் இதே மரம்தான்.

நார்ஃபோக் தீவு எங்கே இருக்கிறது?

தென் பசிபிக் கடலில், நியூசிலாந்துக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவில். ஆஸ்திரேலியக் கரையிலிருந்து கிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் ஆளுகைக்கு உட்பட்டது. பரப்பளவு சுமார் 35 சதுர கிலோமீட்டர், நீளம் சுமார் 8 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற தூரம்கூட இல்லை! இந்த மரம் இயற்கையாக முளைத்து வளர்கிற இடம் உலகத்திலேயே அந்தத் தீவும் அதையொட்டிக் கிடக்கும் பிலிப் என்ற சின்னஞ்சிறு தீவும்தான். அந்தத் தீவின் கொடியிலும் இந்த மரம்தான், வெள்ளைப் பட்டையின் நடுவில் பச்சையாக நிற்கும்.

பைன் என்கிறார்களே, பைன் மரம்தானா?

இல்லை. கொடைக்கானலில் நாம் பார்க்கிற பைன் வேறு குடும்பம். ஊசி போன்ற இலையும் கூம்பும் இருந்ததால் கப்பலில் வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெயரை வைத்துவிட்டார்கள். இது அரக்கேரியேசி என்ற மிகப் பழைய குடும்பம். டைனோசர்கள் நடமாடிய காலத்தில் இந்தக் குடும்பத்து மரங்கள் உலகத்தின் இரண்டு பாதிகளிலும் இருந்தன. இன்று இயற்கையாக இருப்பவை பெரும்பாலும் தெற்குப் பாதியில்தான். மிஞ்சியிருப்பது மூன்றே பேரினங்கள்: அரக்கேரியா, அகாதிஸ், வொல்லமியா. வொல்லமியா உயிரோடு இருப்பதே 1994 வரை யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் சிட்னிக்கு மேற்கே ஒரு பள்ளத்தாக்கில் கண்டுபிடித்தார்கள்.

அரக்கேரியாவில் சுமார் 20 இனங்கள் உண்டு. அவற்றில் 14 இனங்கள் நியூ கலிடோனியா என்ற ஒரே தீவுக்கூட்டத்தில் இருக்கின்றன. அங்கே நிக்கல் சுரங்கமும் காட்டுத்தீயும் பல இனங்களை நெருக்கிக்கொண்டிருக்கின்றன. நார்ஃபோக் தீவு நியூ கலிடோனியாவைப் போலப் பழைய நிலம் இல்லை. எரிமலையால் உருவாகி இருபது முப்பது லட்சம் வருஷம்தான் ஆகிறது. ஆகவே இந்த மரத்தின் மூதாதை கடல் தாண்டி வந்து அங்கே இறங்கியிருக்க வேண்டும்.

ஊசியிலை மரம் என்றால் நம்ம சவுக்கும் அந்த வகைதானே?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரை கடலோரம் சவுக்குத்தோப்பைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஊசி மாதிரி தொங்குகிறது, குட்டிக் கூம்பு மாதிரி காய் இருக்கிறது, அப்படியானால் சவுக்கும் இதுவும் சொந்தம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் இல்லை.

அடுத்த முறை சவுக்கின் ஒரு "ஊசியை" எடுத்து நகத்தால் இழுத்துப் பாருங்கள். கணுக்கணுவாகக் கழன்று வரும். அது இலையே இல்லை, பச்சையான சிறு கிளை. ஒவ்வொரு கணுவிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வட்டமாகச் சின்னப் பற்கள் இருக்கும். அந்தப் பற்கள்தான் இலை. சவுக்கு பூக்கும், பூவிலிருந்து காய்க்கும். பூக்கும் தாவரங்களில் அது ஒன்று. மா, வேம்பு, தென்னை எல்லாம் எந்தப் பக்கமோ சவுக்கும் அந்தப் பக்கம்.

கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பூவே கிடையாது. பழமும் கிடையாது. விதை எதற்குள்ளும் மூடப்படாமல், கூம்பின் செதில் மேல் உருவாகும். பள்ளிக்கூடத்தில் ஜிம்னோஸ்பெர்ம் என்று படித்திருப்போமே, அதுதான். டெல்டாவில் காடாகவோ தோப்பாகவோ இந்த வகை மரம் எதுவும் இயற்கையாக இல்லை. தென்னிந்தியாவுக்கே சொந்தமான ஊசியிலை வகை மரம் ஒன்றே ஒன்றுதான்: மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் இருக்கும் நாகீயா வாலிச்சியானா. அதற்கும் ஊசியிலை கிடையாது, அகலமான இலை.

கீழ்க்கிளை மெத்தென்று இருக்கிறது, படத்தில் பெரிய மரம் கயிறு திரித்த மாதிரி இருக்கிறதே?

"ஹெட்டெரோஃபில்லா" என்றால் வெவ்வேறு விதமான இலை உள்ளது என்று பொருள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது.

கன்று மரத்தின் இலை ஊசி போல, 1 முதல் 1.5 சென்டிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் தடிப்பு. கையை வைத்துத் தடவினால் குத்தாது. என் பேத்தி அதைப் பூனைவால் என்பாள். மரம் முதிர முதிர இலையின் உருவமே மாறும். நீளம் பாதியாகக் குறையும், அகலம் 2 முதல் 4 மில்லிமீட்டர் ஆகும், உள்பக்கமாக வளைந்து ஒன்றின்மேல் ஒன்று ஓடு வேய்ந்த மாதிரி கிளையை மூடிக்கொள்ளும். அப்போது கிளை திரித்த கயிறு போல இருக்கும். கூம்பு பிடிக்கிற உச்சிக் கிளைகளில் இந்தச் செதில்கள் மிகத் தடிப்பாக இருக்கும். ஒரே மரத்தின் அடியிலும் உச்சியிலும் ஒவ்வொரு கொத்து ஒடித்து வந்து காட்டினால், இரண்டும் ஒரே மரம் என்று சொன்னாலும் நம்ப மாட்டீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். வேப்பிலை போல இதன் இலை ஒவ்வொன்றாக உதிராது. சின்னக் கிளை முழுதாகக் காய்ந்து, இலையோடு சேர்த்துப் பொத்தென்று விழும். வாசல் பெருக்குகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கூம்பு எப்போது வரும்?

தொட்டியில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சொந்த மண்ணில் இந்த மரம் 50 முதல் 65 மீட்டர் உயரம் போகும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் அது! பெண் கூம்பு உருண்டையாக, கொஞ்சம் அமுக்கின மாதிரி, 12 முதல் 14 சென்டிமீட்டர் குறுக்களவில் இருக்கும். முதிர 18 மாதம் ஆகும். மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகும். முதிர்ந்த கூம்பு கீழே முழுதாக விழாது, மரத்திலேயே செதில் செதிலாக உதிரும். ஒரு செதிலுக்கு ஒரு விதை. அதற்கு இரண்டு பக்கமும் மெல்லிய இறகு இருக்கும், காற்றில் சற்றுத் தள்ளிப்போய் விழுவதற்கு. விதையைத் தின்னலாம். நார்ஃபோக் தீவுக்கே உரிய ஒரு பச்சைக்கிளி உண்டு, அதற்கு இந்த விதை பிடித்த தீனி. அந்தக் கிளியும் அழிகிற நிலைக்குப் போய், இப்போது பாதுகாத்து மீட்டு வருகிறார்கள்.

ஒரு கிளையை ஒடித்து நட்டால் வருமா?

இதை நான் செய்து பார்த்து ஏமாந்திருக்கிறேன். பக்கக் கிளையை வெட்டி மணலில் வைத்தேன். ரொம்ப நாள் கழித்து வேர் பிடித்தது, சந்தோஷப்பட்டேன். அப்புறம் வளர்ந்தது, ஆனால் தரையோடு படுத்தே வளர்ந்தது. குச்சி நட்டு நிமிர்த்திக் கட்டினேன், கட்டை மீறிப் பக்கவாட்டிலேயே போயிற்று.

பிறகுதான் காரணம் தெரிந்தது. இந்த மரத்தில் நடுத்தண்டின் நுனிக்குத்தான் மேலே போகும் குணம். பக்கக் கிளைக்குப் படுத்து வளரும் குணம். வெட்டி வேறு இடத்தில் வைத்தாலும் அது மாறாது. முருங்கைப் போத்தை ஒடித்து நட்டால் முழு மரமாகிறதே, அந்தக் கணக்கு இங்கே செல்லாது. விதை போட வேண்டும், இல்லையென்றால் நடு நுனியை வெட்டி வைக்க வேண்டும்.

இதனால்தான் "ரொம்ப உயரமாகிவிட்டது, தலையை வெட்டிவிடலாமா" என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்று கெஞ்சுகிறேன். வெட்டினால் பக்கக் கிளை எதுவும் நிமிர்ந்து அந்த இடத்தைப் பிடிக்காது. தண்டிலிருந்து புதுத் தளிர் வரலாம், ஒன்றுக்கு இரண்டாக மூன்றாகக்கூட வரலாம். ஆனால் கோபுரம் போல அடுக்கடுக்காக நின்ற அந்த வடிவம் போனது போனதுதான்.

அடுக்கு அடுக்காக எப்படி இவ்வளவு ஒழுங்காக வருகிறது?

தண்டு கொஞ்சம் உயர்ந்ததும் ஒரே மட்டத்தில் நாலிலிருந்து ஏழு கிளை வரை வட்டமாக விடும். பிறகு மறுபடி உயரும், மறுபடி ஒரு வட்டம். கீழே ஓர் அடுக்கு காய்ந்து விழுந்துவிட்டால் அந்த இடம் மறுபடி நிரம்பாது. எங்கள் மரத்தில் ஒரு கோடையில் கீழ் இரண்டு அடுக்கு போய்விட்டது. இன்றுவரை அந்த இடம் மொட்டையாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டு மரம் ஒரு பக்கமாகச் சாய்கிறதே?

அப்படியானால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் நார்ஃபோக் மரமே இல்லை. அதன் சொந்தக்கார மரமான குக் பைன், அதாவது அரக்கேரியா காலம்னாரிஸ். நியூ கலிடோனியாவிலிருந்து வந்தது. நம் நாட்டில் நார்ஃபோக் என்ற பெயரில் விற்கிறவற்றில் நிறைய இதுதான். கன்றாக இருக்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். வளர்ந்தபின் தெரியும்: நார்ஃபோக் மரம் அடி அகன்று நுனி குறுகிக் கூம்பாக நிற்கும், அடுக்குகளுக்கு நடுவே நல்ல இடைவெளி இருக்கும். குக் பைன் கம்பம் போல ஒடுங்கி உயரும்.

சாய்கிற சங்கதி வியப்பானது. குக் பைன் உலகத்தில் எங்கே நட்டாலும் பூமத்திய ரேகைப் பக்கம் சாய்கிறது. ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரிச் சாய்வு எட்டரை டிகிரி. வடக்குப் பாதியில் உள்ளவை தெற்கே சாய்கின்றன, தெற்குப் பாதியில் உள்ளவை வடக்கே. ரேகையிலிருந்து தள்ளிப்போகப் போகச் சாய்வும் கூடுகிறது. டெல்டா பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில்தான் இருக்கிறது, அதனால் இங்கே சாய்வு லேசாகத்தான் இருக்கும். ஒரு காலையில் திசைகாட்டியை வைத்துப் பாருங்கள், தெற்கே சாய்ந்திருந்தால் குக் பைன் என்று நினைக்க நல்ல காரணம் உண்டு.

குக் என்ற பெயர் கப்பல் தலைவர் குக்கின் பெயரா?

ஆமாம், ஜேம்ஸ் குக். 1774-ல் தன் இரண்டாம் பயணத்தில் செப்டம்பரில் நியூ கலிடோனியாவிலும் அக்டோபர் 10-ல் நார்ஃபோக்கிலும் இந்த மரங்களைப் பார்த்தார். நார்ஃபோக் சீமாட்டியின் பெயரைத் தீவுக்கு வைத்தார். அந்த அம்மாள் முந்தின வருஷமே இறந்துவிட்டார் என்பது நடுக்கடலில் இருந்தவருக்குத் தெரிய வழியில்லை. நேராக நின்ற மரங்களைப் பார்த்ததும் பாய்மரத்துக்கு ஆகும் என்று நினைத்தார். அந்த ஆசையும் ஒரு காரணமாக 1788 மார்ச்சில் ஆங்கிலேயர்கள் தீவில் குடியேறினார்கள். வெட்டிப் பார்த்தால் பாய்மரத்துக்கு வேண்டிய வலுவும் வளையும் தன்மையும் இல்லை, ஒடிந்துபோனது. அதற்குள் காடு அழிக்கிற வேலை தொடங்கிவிட்டது.

நர்சரிக்கு நர்சரி விற்கிறார்கள். இது எப்படி அபூர்வ மரம் ஆகும்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இந்த மரம், அழியும் ஆபத்தைக் குறிக்கிற மூன்று படிகளில் முதல் படியில் இருக்கிறது. உலகம் பூராவும் தொட்டிகளில் எத்தனை லட்சம் இருந்தாலும் அந்தப் பட்டியலில் கணக்கு வைப்பது தானாக முளைத்துத் தானாகப் பெருகும் மரங்களைத்தான். அவை இருப்பது அந்த 35 சதுர கிலோமீட்டரில், அதிலும் ஒரு பகுதியில். விவசாயத்துக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை வெட்டியது போக மிச்சம் இருப்பதைத் தேசியப் பூங்காவாகக் காக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த ஆப்பிரிக்க ஆலிவும் கொய்யா இனச் செடி ஒன்றும் புதராக மண்டி, கீழே விழுகிற விதைக்கு வெளிச்சமே கிடைக்காமல் செய்கின்றன. நமக்கு இதைப் புரியவைக்க யாரும் வர வேண்டாம். ஏரிக்கரையில் சீமைக்கருவேலமும் வாய்க்காலில் வெங்காயத்தாமரையும் என்ன செய்திருக்கின்றன என்று பார்த்தவர்கள்தானே நாம்.

பிலிப் தீவின் கதை இன்னும் மோசம். பன்றி, ஆடு, முயல் மூன்றையும் கொண்டுபோய் விட்டார்கள். அவை புல் பூண்டு விடாமல் மேய்ந்து தீவையே செம்மண் பொட்டலாக்கிவிட்டன. 1980-களில் கடைசி முயலையும் அகற்றிய பிறகு பச்சை திரும்புகிறது, அரக்கேரியாக் கன்றுகளும் அதில் உண்டு.

அப்படியானால் நான் ஒன்று வாங்கி வளர்த்தால் அந்த இனத்தைக் காப்பாற்றிய மாதிரிதானே?

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. விதை வயலுக்குப் போய், மழையும் பூச்சியும் பார்த்து, முளைத்து, கதிர் விட்டுத் திரும்பி வந்ததால்தான் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இன்று நம் கையில் இருக்கின்றன. குதிரிலேயே கிடந்திருந்தால் எலிதான் தின்றிருக்கும்.

தொட்டியில் நிற்கும் மரத்துக்கு அந்தச் சுற்று கிடையாது. கூம்பு விடாது, விதை உதிராது, அதன் அடியில் கன்று முளைக்காது. அந்தக் கிளியும் வராது. வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை, நானே வளர்க்கிறேன், அதன்மேல் அவ்வளவு பிரியம். ஆனால் அந்த மரம் காப்பாற்றப்பட வேண்டிய இடம் அந்தத் தீவுதான்.

டெல்டாவில் நன்றாக வருமா?

வரும், இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொண்டால். நார்ஃபோக் தீவில் வெயில் 28 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். இங்கே கத்திரியில் 40-ஐத் தொடும். சின்னக் கன்றை மே மாதம் மேற்கு வெயிலில் வைத்தால் நுனி பழுப்பாகிவிடும். முதல் மூன்று வருஷம் காலை வெயில் மட்டும் படுகிற இடமாகப் பார்த்து வையுங்கள்.

வெயிலைவிடப் பெரிய பகை நம் களிமண்ணும் ஐப்பசி மழையும். சம்பா பயிருக்கு நிற்கிற தண்ணீர் இதன் வேருக்கு ஆகாது, வேர் அழுகிவிடும். தரையில் வைப்பதானால் ஒரு முழம் மேடு கட்டி, மணலும் செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்து வையுங்கள். போர்த்தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் பக்கம் கடற்காற்றில் தாங்குமா?

உப்புக்காற்றைத் தாங்குவதில் பேர்போன மரம். ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் வரிசையாக நிற்கும். ஆனால் சிட்னிப் பக்கம் ஒரு காலத்தில் கடலோர மரங்கள் கருகத் தொடங்கின. கடலில் விட்ட சாக்கடையில் இருந்த சலவைப்பொடி ரசாயனம் காரணம். அது சாரலோடு இலையில் படிந்து உப்பை உள்ளே இறங்கவிட்டது. உப்பு தனியாக வந்தவரை மரம் சமாளித்தது.

புயல் வேறு விஷயம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகளுக்கு நேர்ந்ததை யாரும் மறக்கவில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சூறாவளிகளில் எளிதில் சாய்ந்த, ஒடிந்த மரங்களில் இதுவும் ஒன்று. ஓட்டு வீட்டை ஒட்டியோ மின்கம்பிக்கு அடியிலோ தயவுசெய்து தரையில் வைக்காதீர்கள்.

நம்ம பக்கம் இந்த மாதிரி மரம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லையா?

இருந்தது. இதே இனம் இல்லை, ஆனால் ஊசியிலை வகை. டெல்டாவிலிருந்து கொள்ளிடம் தாண்டி வடக்கே போனால் பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஓடைக்கரையில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி எழுதி வெளியுலகுக்குச் சொன்னார். 18 மீட்டர் நீளம். டைனோசர்கள் இருந்த காலத்தில் அந்த இடம் வரை கடல் இருந்தது. கரையோரம் நின்ற மரம் கடலுக்குள் அடித்துப்போய், சேற்றில் புதைந்து, நாளடைவில் கல்லாயிற்று.

போன மாசியில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். பட்டையின் வரி, கிளை ஒடிந்த இடத்தின் முண்டு எல்லாம் அப்படியே இருந்தன. எங்கள் வீட்டுப் பூனைவால் மரத்தின் கொத்து ஒன்றைக் கையில் எடுத்து வந்திருந்தாள். திரும்பும்போது அதை வேலிக்கு உள்ளே, கல்மரத்தின் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தாள்.